எல்லை தாண்டி வேலைக்குப் போகிற வீட்டில் யாருக்கு எந்த மருத்துவக் காப்பீடு? மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூத்த மகன் ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக். இளையவன் எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மூத்தவனின் மனைவி பிரசவத்துக்காகத் திருமங்கலத்தில் தாய் வீட்டில் இருக்கிறார். அப்பாவும் அம்மாவும் ஊரில். அப்பாவுக்குச் சர்க்கரை, போன வருடம் நெஞ்சு வலியும் வந்தது. வீட்டில் ஒரு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, பீரோவில் துணிக்கு அடியில். "அதான் கார்டு இருக்குல்ல, பாத்துக்கலாம்" என்பதுதான் எல்லோருடைய தெம்பும். இந்த ஐந்து பேரில் அந்த அட்டை உறுதியாகக் கைகொடுக்கக்கூடியது அப்பா, அம்மா இருவருக்கு மட்டும்தான். அதுவும் வருமானக் கணக்கு சரியாக இருந்தால்.

எந்த அரசு மருத்துவக் காப்பீடும் மூன்று கொக்கிகளில் ஏதாவது ஒன்றில்தான் தொங்கும். ஒன்று, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது: ரேஷன் கார்டு, ஆதார் முகவரி. இரண்டு, உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது: இ.எஸ்.ஐ. (சம்பளத்தில் பிடித்தம் செய்து தரும் தொழிலாளர் அரசுக் காப்பீடு), வெளிநாட்டுக் கம்பெனிக் காப்பீடு. மூன்று, எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பது. எல்லை தாண்டும்போது இந்தக் கொக்கி கழன்றுவிடுகிறது. புதுக் கொக்கி மாட்டும்வரை நடுவில் சில நாளோ சில மாதமோ ஒன்றுமே இல்லாத காலம் வரும். ஆஸ்பத்திரிச் செலவில் குடும்பங்கள் கடனாளியாவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஆகவே இந்த வழிகாட்டியை 'எந்தத் திட்டம் நல்ல திட்டம்' என்று படிக்காமல், 'எங்கள் வீட்டில் இன்றைக்கு யார் எந்தக் கொக்கியில்' என்று படியுங்கள்.

படி 1: வீட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஐந்து விஷயம்: இப்போது எந்த ஊரில் இருக்கிறார், யார் சம்பளம் தருகிறார், வெளிநாடு என்றால் என்ன விசா, கையில் என்ன அட்டை, அது எந்தத் தேதியில் முடிகிறது. கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை.

பெயரையும் இந்த நோட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி. ரேஷன் கார்டில் 'சரவணன்', ஆதாரில் 'மு. சரவணன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி 'முத்துச்சாமி சரவணன்', சவுதிக் காப்பீட்டில் அதுவே சுருங்கி வெறும் 'முத்துச்சாமி'. அப்பா பெயரும் முத்துச்சாமிதான் என்பதால் ஊரில் ஒரு பில்லைக் காட்டும்போது யாருக்கு வைத்தியம் நடந்தது என்றே சந்தேகம் கிளப்புவார்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். வெளிநாடு போகும் முன் ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவது நல்லது. போன பிறகு மாற்றுவது இரண்டு மடங்கு அலைச்சல்.

படி 2: ஊரில் இருப்பவர்களின் அட்டையை உயிரோடு வையுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. தகுதிக்கு இரண்டு விஷயம் பார்ப்பார்கள்: தமிழ்நாட்டு ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதார் சகிதம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். மதுரை மாவட்டத்துக்காரர்கள் மதுரை கலெக்டர் ஆபீஸ், மேலூர் தாண்டித் திருப்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் சிவகங்கை. சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணமில்லை.

இங்கே மூன்று சிக்கல் அடிக்கடி வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டு ஆள் உள்ள வீடுகளுக்கே உரிய சிக்கல் இவை.

முதலாவது மருமகள் பெயர். கல்யாணமானதும் பெண் வீட்டார் ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கிவிடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் சேர்ப்பதற்குள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுகிறார். சேர்க்கலாம் என்று இ-சேவை மையத்தில் போய் உட்கார்ந்தால், கார்டோடு இணைத்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி போகிறது. அந்த சிம் ரியாத்தில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, ரீசார்ஜ் இல்லாமல் செத்தே போயிருக்கும். அந்தப் பெண் இப்போது எந்தக் கார்டிலும் இல்லை. பிரசவம் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே நடந்துவிடும், அதில் பயமில்லை. ஆனால் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, அறுவை சிகிச்சை என்று வந்து, தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் அப்போதுதான் கார்டைக் கேட்பார்கள். எனவே விசா வந்த அன்றே இரண்டு வேலை: மனைவி பெயரைச் சேர்ப்பது, ரேஷன் கார்டின் கைபேசி எண்ணை ஊரில் இருப்பவருடைய எண்ணாக மாற்றுவது. ஆதாரோடு இணைந்த எண்ணையும் அப்படியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வருமானம். 1,20,000 என்றால் மாதம் 10,000. ரியாத்திலிருந்து மாதம் 25,000 வந்துகொண்டிருக்கும் வீட்டில், அந்தப் பையன் பெயரும் அதே ரேஷன் கார்டில் இருந்தால், அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிட்டது. "வி.ஏ.ஓ. நம்ம ஆளுதான், 72,000னு போட்டுத் தருவாரு" என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். வங்கிக் கணக்கும் ஆதாரும் பின்னிக் கிடக்கும் காலம் இது. அப்பா அம்மா உண்மையிலேயே தனி வீடு, தனிச் சமையல், தனி ரேஷன் கார்டு என்று இருந்தால் அவர்கள் வருமானம் தனியாகப் பார்க்கப்படும். இல்லையென்றால், வெளிநாட்டுச் சம்பளம் வரும் காலத்திலேயே பெற்றோருக்கு ஒரு தனியார் மருத்துவ பாலிசி எடுத்து விடாமல் கட்டிவருவதுதான் வழி. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 2024-இல் அதிகபட்சம் 3 ஆண்டு என்று குறைத்திருக்கிறார்கள். இன்றைக்குத் தொடங்கினால் பையன் இரண்டாவது ஒப்பந்தம் முடித்து வருவதற்குள் அந்தக் காலம் கழிந்துவிடும். 70 வயது ஆனவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு, வருமானம் பார்க்காமல் 70 வயதான எல்லோருக்கும் ஆயுஷ்மான் திட்டத்தில் 5 லட்சம் வரை என்று தொடங்கியது. ஆயுஷ்மான் உதவி எண் 14555-க்குப் போன் போட்டு, மதுரையில் எந்த ஆஸ்பத்திரி அதை எடுத்துக்கொள்கிறது என்று பெயரோடு கேளுங்கள்.

மூன்றாவது, பணம் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. முதலமைச்சர் திட்டம் பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். மருத்துவமனை முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் அறுவை சிகிச்சை செய்யும். நீங்கள் பதற்றத்தில் பணத்தைக் கட்டிவிட்டுப் பில்லை நீட்டினால் திரும்ப வராது. சேர்க்கும்போதே, திட்டத்துக்கென்று இருக்கும் மேசையைத் தேடிப் போய் அட்டையைக் காட்ட வேண்டும். அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, இந்த நோய் அந்த மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்டதா என்று இரண்டையும் கேளுங்கள். கண்ணுக்கு மட்டும் பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரியில் இதயத்துக்குப் போய் நின்று பயனில்லை.

இன்னொன்று. 'ஆபா' என்று 14 இலக்க எண் ஒன்று தருகிறார்கள். அது உங்கள் மருத்துவப் பதிவேடுகளைச் சேர்த்து வைப்பதற்கான எண். அதில் ஒரு ரூபாய் காப்பீடும் கிடையாது. அதை ஆயுஷ்மான் அட்டை என்று நினைத்து லேமினேட் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது பாவமாக இருக்கிறது.

அட்டையே இல்லாவிட்டாலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், நம் பெரியாஸ்பத்திரியில், சீட்டுப் போட்டுப் பார்ப்பதற்கும் சேர்ந்து வைத்தியம் பார்ப்பதற்கும் தடையில்லை. எந்தக் கொக்கியும் இல்லாத இடைவெளியில் உங்களுக்கு இருக்கும் ஒரே உறுதி அதுதான். தனியார் வாசலில் முன்பணம் கட்டுமுன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மாநில எல்லை தாண்டுபவர்கள்

எர்ணாகுளத்துப் பையனுக்கு வருவோம். ஆயுஷ்மான் திட்டப் பயனாளி என்றால் நாட்டில் எந்த மாநிலத்திலும் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். ஆனால் தமிழ்நாட்டு அட்டை வைத்திருக்கும் எல்லோரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசும் பணம் போடுகிறது. மற்றவர்களுக்கு மாநில அரசு மட்டும். வெளிமாநிலத்தில் செல்லுபடியாவது முதல் வகைக்கு. உங்கள் குடும்பம் எந்த வகை என்று 14555-இலோ ஆயுஷ்மான் செயலியிலோ பார்த்து, படி 1 நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அவனுடைய முதலாளி 10 பேரோ அதற்கு மேலோ வைத்து ஹோட்டல் நடத்துகிறார், சம்பளம் 21,000-க்குள் என்றால், இ.எஸ்.ஐ. பிடித்தாக வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 20,000 சம்பளத்தில் இவன் கையிலிருந்து போவது 150, முதலாளி போடுவது 650. இதைவிட மலிவாக ஒரு குடும்பத்துக்கு மருத்துவம் எங்கும் கிடைக்காது. ஆனாலும் "பிடித்தம் வேண்டாம், கையில கொடுங்க" என்று கேட்பவர்கள் நம் பையன்களிலேயே நிறையப் பேர்.

இ.எஸ்.ஐ.யின் பெரிய பலம், அது மத்தியச் சட்டம் என்பதால் எண் ஒன்றே, ஊர் மாறினாலும் மாறாது. எர்ணாகுளத்தில் வேலை பார்ப்பவர் தனக்கு அங்கே ஒரு இ.எஸ்.ஐ. மருந்தகத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் மனைவி மக்களுக்கு மதுரைப் பக்கம் ஒரு மருந்தகத்தைப் பதிவு செய்யலாம். அப்படிச் செய்தால் அவர்கள் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு வரலாம். வேலையில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் குடும்பத்தின் முகவரி என்று கேட்கும் இடத்தை மேலோட்டமாக விட்டுவிடுவதால்தான் பலருக்கு இது கிடைப்பதில்லை. புது வேலை என்றால் பழைய இ.எஸ்.ஐ. எண்ணைச் சொல்லிச் சேருங்கள். இரண்டு எண் ஆகிவிட்டால் நாள் கணக்கு இரண்டாக உடைந்துபோகும்.

நாள் கணக்கு ஏன் முக்கியம் என்றால், வியாதிக் காலச் சம்பளம் அதை வைத்துத்தான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், அதற்கான பலன் காலத்தில் உடம்புக்கு முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஏப்ரல் - செப்டம்பருக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. செப்டம்பரில் வேலையை விட்டு ஊருக்கு வந்தவர் எல்லாம் முடிந்தது என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

கம்பம், கூடலூர், போடிப் பக்கத்துக்காரர்களின் நிலைமை வேறு. விடிகாலையில் ஜீப் ஏறிக் குமுளியோ கம்பம்மெட்டோ போடிமெட்டோ தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். குடியிருப்பு தமிழ்நாடு, சம்பளம் கேரளா. இவர்களுக்கு முதலமைச்சர் அட்டை முழுசாகச் செல்லும். ஆனால் தோட்டத்தில் பாம்பு கடித்தாலோ மரக்கிளை விழுந்தாலோ அவசரத்துக்குப் போகும் ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். கேரள அரசு 2017-இல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 'ஆவாஸ்' என்ற காப்பீட்டைக் கொண்டுவந்தது. அங்கேயே தங்கி வேலை பார்ப்பவர்கள் அதில் பதிந்து வைப்பது நல்லது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி தோட்ட முதலாளிகள் விருப்பப்பட்டால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம். சேர்ந்திருக்கிறார்களா என்று கங்காணியிடம் கேட்காமல் எஸ்டேட் ஆபீசில் கேளுங்கள்.

ஜீப்பே கவிழ்ந்தால்? செக்போஸ்டுக்கு எந்தப் பக்கம் கவிழ்ந்தது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். தமிழ்நாட்டு எல்லைக்குள் என்றால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லை. அட்டை வேண்டாம், எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்வியும் இல்லை. அந்தப் பக்கம் என்றால் 2025 மே மாதம் நாடு முழுக்கக் கொண்டுவந்த திட்டத்தில் சாலை விபத்துக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. இரண்டிலும் போலீசுக்குத் தகவல் போக வேண்டும். "கேஸெல்லாம் வேணாம், நாங்களே பேசித் தீத்துக்கறோம்" என்று டிரைவர் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் நஷ்டம் அடிபட்டவருக்குத்தான்.

படி 4: வளைகுடா

பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை உள்ளவர்கள், அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்கள், வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம். 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். மருத்துவமனைச் செலவுக்கு மொத்தம் 1 லட்சம், ஒரு தடவைக்கு 50,000 வரை. தொகை சின்னதுதான். ஆனாலும் அந்த பாலிசிக் காகிதத்தின் ஒரு நகல் ஊரில் மனைவி கையில் இருக்க வேண்டும். ஆள் போனபின் ஏஜெண்டிடம் அது இருக்கிறது என்றால் இல்லை என்றே அர்த்தம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இது கட்டாயமில்லை என்பதால் அவர்கள் காதில் இந்தத் திட்டத்தின் பெயரே விழுவதில்லை.

அங்கே இறங்கியபின், காப்பீடு முதலாளி பொறுப்பு. துபாயில் 2013 சட்டப்படி கட்டாயம். அடிப்படைத் திட்டத்தில் ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹாம். ஷார்ஜா, அஜ்மான் போன்ற மற்ற எமிரேட்டுகளில் 2025 ஜனவரி 1 முதல், தனியார் நிறுவன ஊழியருக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் காப்பீடு இருந்தால்தான் விசா அடிக்க முடியும். அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 320 திர்ஹாம். இந்தப் பணத்தைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. சவுதியில் இகாமா, அதாவது குடியிருப்பு அனுமதி, புதுப்பிப்பதே காப்பீட்டோடு கட்டியிருக்கிறது. அங்கே வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஒரு வீட்டில் நான்கு பேருக்கு மேல் வேலையாள் இருந்தால் 2024 ஜூலை 1 முதல் காப்பீடு கட்டாயம். கத்தாரில் ஹமத் ஹெல்த் கார்டு ஆண்டுக்கு 100 ரியால், அதை எடுத்துவைத்தால் அரசு மருத்துவமனையில் சலுகைக் கட்டணம்.

போய் இறங்கிய முதல் மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அட்டையைக் கேட்டு வாங்கி, அல்லது எமிரேட்ஸ் ஐடியிலேயே இணைத்திருந்தால் செயலியில் திறந்து பார்த்து, அருகில் எந்த கிளினிக் அந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. நள்ளிரவில் வலியோடு தேட வேண்டிய விஷயம் இல்லை இது.

விசிட் விசாவில் போய் வேலை தேடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த விசாவில் உங்களுக்கு முதலாளியே இல்லை, ஆகவே முதலாளி காப்பீடும் இல்லை. மருத்துவச் செலவைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான நிலைமை வேறு கிடையாது. போகத்தான் வேண்டும் என்றால், எத்தனை நாள் இருக்கப் போகிறீர்களோ அத்தனை நாளுக்கும் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள்.

சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறைக்காதீர்கள். துபாய் அடிப்படைத் திட்டத்தில் முதல் முறை சேருகிறவருக்கு, ஏற்கெனவே உள்ள நோய்க்கு அவசரம் தவிர 6 மாதக் காத்திருப்பு உண்டு. மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கொண்டுபோவது அந்த ஆறு மாதத்துக்காகத்தான்.

படி 5: சிங்கப்பூர், மலேசியா

சிங்கப்பூர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு: பெரிய பாஸ் (வேலை அனுமதி) என்றால் பெரிய காப்பீடு என்று. உண்மை தலைகீழ். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் உள்ளவர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு ஆஸ்பத்திரிக் காப்பீடு எடுத்தாக வேண்டும் (2023 ஜூலைக்கு முன் இது 15,000). விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கும் கட்டுமானம், கப்பல்தளம் போன்ற வேலைகளில் இருக்கும் ஒர்க் பெர்மிட்காரர்களுக்கும் 2022 ஏப்ரலிலிருந்து அடிப்படை மருத்துவத் திட்டமும் உண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகும் ஐ.டி. இன்ஜினியருக்குச் சட்டப்படி அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. கம்பெனி கொடுத்தால் உண்டு. வேலை ஆணையில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மெடிஷீல்ட் லைஃப் என்ற அந்நாட்டு அரசுக் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். பிள்ளையோடு போய்த் தங்கும் பெற்றோருக்கு அரசு மானியம் கிடையாது.

சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை. அதனால் பிரவாசி காப்பீடும் கட்டாயமில்லை.

மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கென்று ஸ்பிக்பா என்ற ஆஸ்பத்திரிக் காப்பீடு, ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை. வேலையில் அடிபட்டால் 2019 ஜனவரி முதல் பெர்கெசோ என்ற அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் காப்பீடும் உண்டு. பெர்மிட் காலாவதியாகிவிட்டால் இரண்டும் உங்களுக்கு உதவாது. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் வேறு, அதிகம்.

படி 6: பேரப்பிள்ளை பார்க்கப் போகும் பெற்றோர்

லண்டனில் நர்ஸ் வேலைக்குப் போகிற மகளுக்குச் சுகாதாரப் பணியாளர் விசா என்றால் மருத்துவக் கூடுதல் கட்டணம் இல்லை. மற்ற வேலை விசாக்களுக்கு 2024 பிப்ரவரி 6 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மொத்தத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டியபின் தேசிய சுகாதாரச் சேவை அந்த ஊர்க்காரருக்குப் போலவே. ஆனால் ஆறு மாத விசிட்டர் விசாவில் போகும் அம்மா அப்பா இதில் வரமாட்டார்கள். அவசரப் பிரிவில் முதல் கவனிப்பு இலவசம். வார்டில் சேர்த்துவிட்டால் வழக்கமான விலையில் 150 சதவீதம் பில் வரும். அமெரிக்காவில் கிரீன் கார்டே வாங்கினாலும், 65 வயதானவர் 5 ஆண்டு தொடர்ந்து வசித்தபின்தான் பிரீமியம் கட்டி, மெடிகேர் என்ற அந்நாட்டு அரசுக் காப்பீட்டில் சேர முடியும். ஊர் அட்டையில் ஒரு ரூபாய்கூட அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற பகுதியைப் பிள்ளைகளே உட்கார்ந்து படியுங்கள், டிராவல்ஸ்காரர் டிக் போட விடாதீர்கள்.

இந்தியா சில நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், ஆஸ்திரேலியா போன்றவை. அது அடிப்படையில் ஓய்வூதியப் பிடித்தம் சம்பந்தப்பட்டது. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா எதனோடும் அந்த ஒப்பந்தம் நடைமுறையில் வரவில்லை.

படி 7: திரும்பி வருகிறவர்கள்

வேலை விசா ரத்தாகும்போது அங்குள்ள காப்பீடும் போய்விடும். அதனால் செய்ய வேண்டிய பரிசோதனை, பல், கண், மூட்டு எல்லாவற்றையும் கடைசி மாதத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி அரபியில் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பிரதி கேட்டு வாங்குங்கள். மாத்திரைக்குக் கடைப் பெயரோடு மருந்தின் வேதிப்பெயரையும் எழுதி வாங்குங்கள். அங்கத்துப் பெயரில் இங்கே கடையில் கிடைக்காது.

ஊருக்கு வந்த வாரத்திலேயே ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இப்போதைய வருமானத்துக்கு வி.ஏ.ஓ. சான்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் முதலமைச்சர் திட்டத்துக்குப் பதியுங்கள். போன வருடச் சம்பளத்தை நினைத்துக்கொண்டு "நமக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கியிருப்பவர்கள் பலர். சம்பளம் நின்றுவிட்டது என்றால் வருமானமும் மாறிவிட்டது, அதைச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. உள்ளூரில் வேலைக்குச் சேர்ந்தால் இ.எஸ்.ஐ.

படுத்த படுக்கையாக அங்கேயே கிடப்பவரை அழைத்துவர வேண்டியிருந்தால், தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி என்று 2009 முதல் ஒன்று இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாதவருக்கு அவசர மருத்துவத்துக்கும் டிக்கெட்டுக்கும் அதிலிருந்து உதவலாம். வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் ஊரிலிருந்தே புகார் பதியலாம். பாஸ்போர்ட் எண்ணும் அங்குள்ள கைபேசி எண்ணும் தேவை. தமிழக அரசின் வெளிநாடு வாழ் தமிழர் நல வாரியத்திலும் தகவல் சொல்லி வையுங்கள். அங்கே உறுப்பினராகப் பதிந்தவர்களுக்கு விபத்துக் காப்பீடும் தீவிர நோய்க் காப்பீடும் உண்டு என்பதால், போகும் முன்பே பதிந்திருந்தால் இன்னும் நல்லது.

படி 8: இந்தப் பக்கம் வந்தவர்கள்

எல்லை என்பது ஒருவழிப் பாதையில்லை. மதுரையில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசாக்காரர்களிடம் சொந்த மாநிலத்து ஆயுஷ்மான் அட்டை இருந்தால் இங்கே பட்டியலில் உள்ள மருத்துவமனையில் செல்லும். 6 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருப்பதற்கு உரிய அதிகாரியின் சான்று இருந்தால் முதலமைச்சர் திட்டத்திலேயே சேரலாம். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் மேஸ்திரிகள் இதைச் செய்து கொடுத்தால், நாளைக்கு சாரத்திலிருந்து ஒருவர் விழும்போது தங்கள் பணமும் மிச்சம். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது.

மறுத்தால் யாரிடம் போவது

ஆஸ்பத்திரி திட்டத்தில் எடுத்துக்கொள்ள மறுத்தால், அல்லது அனுமதி வந்த சிகிச்சைக்கும் தனியாகப் பணம் கேட்டால், அந்த இடத்திலிருந்தே 1800 425 3993-க்குப் பேசுங்கள். வீட்டுக்கு வந்தபின் பேசினால் பாதி பலம் போய்விடும். மறுப்புக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் பலர் எழுத்தில் மறுக்கமாட்டார்கள். அதிலும் தீரவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100, அப்புறம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாத முதலாளி மேல் புகார் என்றால், சம்பளச் சீட்டின் நகலோடு மதுரையில் உள்ள இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகம். சம்பளச் சீட்டே தருவதில்லை என்றால் வங்கியில் சம்பளம் ஏறிய பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.